பாறசாலையில் கேட்கப்படாத கேள்வி

2021 ஏப்ரல் 6 அன்று தமிழ்நாடும் கேரளமும் ஒரே நாளில் சட்டமன்றத் தேர்தலுக்கு வாக்களித்தன. மே 2 அன்று இரு மாநிலங்களிலும் வாக்குகள் எண்ணப்பட்டன. களியக்காவிளையைத் தாண்டினால் இஞ்சிவிளை, அதைத் தாண்டினால் பாறசாலை. சோதனைச் சாவடியும் பெயர்ப்பலகைகளில் மாறும் எழுத்தும் இல்லாவிட்டால் எங்கே ஒரு மாநிலம் முடிந்தது என்று சொல்வது கடினம். ரப்பரும் வாழையும் மரச்சீனியும் இருபுறமும் ஒன்றே. சாதியும் சபையும் கொண்டு கொடுத்த உறவும் எல்லைக்கு முந்தியவை. அந்த மே 2 அன்று எல்லையின் தமிழகப் பக்கத்தில் விளவங்கோட்டிலும் கிள்ளியூரிலும் காங்கிரஸ் வென்றது. எல்லையைத் தொட்டுக்கொண்டிருக்கும் பாறசாலையிலும் நெய்யாற்றின்கரையிலும் அதே கை சின்னம் தோற்றது. அன்று தமிழகத்தில் காங்கிரசும் மார்க்சிஸ்ட் கட்சியும் திமுக அணியில் தோழமைக் கட்சிகள், கேரளத்தில் நேரெதிர் அணிகள் என்பதை இங்கே முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இரு பக்க முடிவுகளையும் அப்படியே எடைபோட முடியாது. ஆனாலும் ஒன்று விளங்குகிறது. இந்த மக்களுக்குக் கை சின்னத்தின் மேல் பரம்பரைப் பகை ஏதும் கிடையாது. பிறகு ஏன் தோற்றது என்ற கேள்வியைக் கட்சி யாரிடம் கேட்டது, யாரிடம் கேட்கவில்லை என்பதுதான் இக்கட்டுரையின் பொருள்.

முதலில் நடந்ததைத் தேதிவாரியாகப் பார்ப்போம். 140 இடங்களில் இடது ஜனநாயக முன்னணி 99 இடங்களையும் ஐக்கிய ஜனநாயக முன்னணி 41 இடங்களையும் பெற்றன. காங்கிரசுக்குக் கிடைத்தவை 21. ஐந்தாண்டுக்கு ஒருமுறை ஆட்சி மாறும் என்று நாற்பது ஆண்டுகளாகக் கேரளம் கண்ட வழக்கம் உடைந்தது. மே 11 அன்று கேரளம், அசாம், மேற்கு வங்கம், புதுச்சேரி ஆகியவற்றில் நேர்ந்த தோல்விகளை ஆராய அசோக் சவாண் தலைமையில் ஒரு குழுவைக் கட்சி மேலிடம் அமைத்தது. கரூர் மக்களவை உறுப்பினர் ஜோதிமணியும் அதில் ஒருவர். இதற்கிடையே மல்லிகார்ஜுன கார்கேயும் புதுச்சேரியின் வைத்திலிங்கமும் பார்வையாளர்களாகத் திருவனந்தபுரம் வந்து சட்டமன்ற உறுப்பினர்களின் கருத்தைத் தனித்தனியாகக் கேட்டுச் சென்றனர். மே 22 அன்று ரமேஷ் சென்னித்தலாவுக்குப் பதில் வி.டி. சதீசன் எதிர்க்கட்சித் தலைவராக அறிவிக்கப்பட்டார். சவாண் குழு அறிக்கை தந்தது ஜூன் தொடக்கத்தில். ஜூன் 8 அன்று முல்லப்பள்ளி ராமச்சந்திரனுக்குப் பதில் கே. சுதாகரன் மாநிலத் தலைவரானார். சட்டமன்றக் கட்சித் தலைவரைத் தேர்ந்தெடுத்தபோது தோல்வி பற்றிய அறிக்கை மேசைக்கே வந்திருக்கவில்லை. வந்த பின்னும் அது வெளியிடப்படவில்லை. பாறசாலையில் பூத் கமிட்டிக்காக அலைந்த தொண்டருக்குத் தன் பூத்தில் வாக்கு ஏன் குறைந்தது என்று கட்சி கண்டுபிடித்தது என்ன என்பது தெரியாது.

தோற்ற கட்சி தலைவரை மாற்றுவதில் தவறில்லை. பொறுப்பேற்று விலகுவது மக்களாட்சியில் நல்ல பழக்கம். 2004 மக்களவைத் தேர்தலில் காங்கிரஸ் கேரளத்தில் ஓர் இடம்கூட வெல்லாதபோது ஏ.கே. அந்தோணி முதல்வர் பதவியையே விட்டு விலகினார். உம்மன் சாண்டி அந்த இடத்துக்கு வந்தார். அந்த நேர்மையை மதிக்கிறேன். தவறு வேறிடத்தில் இருக்கிறது. தோல்வியின் காரணம் தெரியுமுன், தோற்ற ஊர்களிடம் கேளாமல், முந்தைய தலைவரை எந்த முறையில் நியமித்தார்களோ அதே முறையில் அடுத்தவரையும் நியமிக்கும்போது, தலைவர் மாற்றம் என்பது தோல்வியை ஆராய்வதைத் தட்டிக்கழிக்கும் வழியாகிவிடுகிறது. புதிய முகம் வந்துவிட்டது, இனிப் பழையதைப் பேச வேண்டாம் என்ற மனநிலை மேலிருந்து கீழ்வரை பரவுகிறது. எல்லைத் தொகுதிகள் இரண்டையும் சான்றாக வைத்து இதை நிறுவப் பார்க்கிறேன்.

பாறசாலைத் தொகுதி எல்லைச் சாலையிலிருந்து வெள்ளறடை, குன்னத்துக்கால், பெருங்கடவிளை வழியாக அம்பூரி மலைவரை நீள்கிறது. நெய்யாற்றின்கரைத் தொகுதியில் நகராட்சியோடு செங்கல், காரோடு, குளத்தூர், திருப்புறம், அதியன்னூர் ஊராட்சிகள் அடங்கும். இரண்டும் திருவனந்தபுரம் மக்களவைத் தொகுதிக்குள் வருகின்றன. 2014-இல் காங்கிரசின் சசி தரூர் பாஜகவின் ஓ. ராஜகோபாலை 15,470 வாக்குகளில்தான் வென்றார். நகரப் பகுதிகளில் ராஜகோபால் முன்னால் நின்றார். தரூரைக் கரையேற்றியவை பாறசாலை, நெய்யாற்றின்கரை, கோவளம் ஆகிய மூன்றும். 2024-இலும் அதே கதைதான். வாக்கு எண்ணிக்கையின்போது பல மணிநேரம் பாஜகவின் ராஜீவ் சந்திரசேகர் முன்னிலையில் இருந்தார்; தெற்கு ஊர்களின் வாக்குகள் எண்ணப்பட்ட பிறகே நிலை மாறித் தரூர் 16,077 வாக்குகளில் வென்றார். இதே ஊர்கள் 2016-இலும் 2021-இலும் சட்டமன்றத்துக்கு மார்க்சிஸ்ட் கட்சியின் சி.கே. ஹரீந்திரனையும் கே. அன்சலனையும் அனுப்பின. 2021-இல் பாறசாலையில் இடைவெளி 25,000-ஐத் தாண்டியது. டெல்லிக்குக் காங்கிரசையும் திருவனந்தபுரத்துக்கு இடதையும் தேர்ந்தெடுக்கும் இந்த வாக்காளரைக் கட்சி விசுவாசி என்றும் சொல்ல முடியாது, கட்சியை வெறுப்பவர் என்றும் சொல்ல முடியாது. எந்தத் தேர்தலில் யார் தமக்குப் பயன்படுவார் என்று தெளிவாகக் கணக்கிடுகிறவர் இவர். இவரிடம் போய்க் கேட்டால் தோல்விக்கான விடை கிடைத்திருக்கும்.

இதற்கு ஒரு மறுப்பு உடனே எழும். மக்களவைத் தேர்தலில் பாஜகவைத் தடுக்கும் தேசியக் கணக்கு ஓடுகிறது, சட்டமன்றத்தில் அது இல்லை. ஆகவே இந்த வேறுபாட்டை உள்ளூர்க் கட்சி அமைப்பின் தலையில் கட்டலாமா? பாதிக்குப் பாதி நியாயமான மறுப்பு. கிறிஸ்தவ நாடார்களும் லத்தீன் கத்தோலிக்கரும் கணிசமாக வாழும் இந்தப் பகுதியில் தேசியக் கணக்கு வலுவானதுதான். ஆனால் பக்கத்துக் கோவளத்தைப் பாருங்கள். அதே கடற்கரை, அதே சமூகங்கள், அதே 2021 அலை. திருவனந்தபுரம் மாவட்டத்தின் 14 தொகுதிகளில் 13-ஐ இடது முன்னணி அள்ளிக்கொண்டபோது தப்பியது கோவளம் ஒன்றே. காங்கிரசின் எம். வின்சென்ட் 2016-இல் 3,000-க்கும் குறைவான வித்தியாசத்தில் வென்றவர். 2021-இல் அதை 11,000-க்கு மேல் உயர்த்தினார். மாநில அளவில் கட்சி சரிந்த நேரத்தில் அவரது வாக்கு கூடியது. மாநிலத் தலைமை அங்கேயும் அதே தலைமைதான். அங்கே மாறுபட்டிருந்தது உள்ளூரில் வேரூன்றிய ஒருவர் தொடர்ந்து ஐந்தாண்டுகள் மக்கள் கண்முன் இருந்தது.

நெய்யாற்றின்கரையில் காங்கிரஸ் என்ன செய்துகொண்டிருந்தது? இந்தக் கதையைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும், ஏனெனில் கட்சிகள் தலைவர்களை வளர்ப்பதற்குப் பதில் எப்படி இரவல் வாங்குகின்றன என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று அரிது. ஆர். செல்வராஜ் 2006-இல் மார்க்சிஸ்ட் கட்சியின் சார்பில் பாறசாலையில் வென்றவர். 2011-இல் அதே கட்சிக்காக நெய்யாற்றின்கரையில் நின்று, அங்கே பலமுறை வென்றிருந்த காங்கிரசின் தம்பானூர் ரவியைத் தோற்கடித்தார். உம்மன் சாண்டி அரசு அப்போது 140-இல் 72 இடங்களோடு விளிம்பில் நின்றது. 2012 மார்ச்சில் செல்வராஜ் கட்சியோடு முரண்பட்டுப் பதவி விலகினார். சில மாதங்களுக்குள் அதே தொகுதியின் இடைத்தேர்தலில் கை சின்னத்தில் வேட்பாளரானார். மே மாதம் ஒஞ்சியத்தில், மார்க்சிஸ்ட் கட்சியிலிருந்து பிரிந்த டி.பி. சந்திரசேகரன் கொல்லப்பட்ட அதிர்ச்சி மாநிலமெங்கும் அக்கட்சிக்கு எதிராகத் திரும்பியிருந்த நேரம். ஜூன் மாதம் அவர் 6,334 வாக்குகளில் வென்றார். பாஜகவின் ராஜகோபால் 30,000-க்கும் மேல் வாங்கியதை அன்று வெற்றிக் களிப்பில் பலர் கவனிக்கவில்லை. அரசின் பெரும்பான்மை உறுதியானது; ஆனால் தொகுதியில் முப்பது ஆண்டுகளாகக் கொடி பிடித்த காங்கிரஸ்காரர், நேற்றுவரை தம்மை எதிர்த்து நின்றவருக்காக வாக்குக் கேட்கும் நிலைக்கு வந்தார்.

அது ஒரு தேர்தலோடு முடிந்திருந்தால் அவசர முடிவு என்று விட்டுவிடலாம். 2016-இல் செல்வராஜ் மீண்டும் நிறுத்தப்பட்டு அன்சலனிடம் 9,000-க்கு மேற்பட்ட வாக்குகளில் தோற்றார். 2021-இலும் அவரையே நிறுத்தினார்கள். இடைவெளி 14,000-ஐத் தாண்டியது. தனிமனிதர் ஒருவரின் தகுதியை நான் இங்கே குறைத்துப் பேசவில்லை. இரு கட்சிகளின் சின்னத்திலும் ஒரே ஊர் மக்களை வென்றவர் சாதாரணமானவர் அல்லர். என் கேள்வி கட்சியை நோக்கியது. பத்தாண்டு காலத்தில் ஒரு நகராட்சியும் ஐந்து ஊராட்சிகளும் கொண்ட தொகுதியில் தன் அணிகளுக்குள்ளிருந்து ஒரு வேட்பாளரைக் காங்கிரசால் முன்னிறுத்த முடியாமல் போனது எப்படி? மண்டலம் தலைவர் யார், பிளாக் தலைவர் யார் என்பதை உறுப்பினர்கள் வாக்களித்து முடிவுசெய்யும் வழக்கம் இருந்திருந்தால், யாருக்கு ஊரில் செல்வாக்கு இருக்கிறது என்பது தேர்தலுக்கு முன்பே தெரிந்திருக்கும். கட்சிக்குள்ளேயே ஏ குழுவுக்கு இத்தனை, ஐ குழுவுக்கு இத்தனை என்று பங்கு போட்டுப் பட்டியல் தயாரிக்கும் முறையில், சிபாரிசு உள்ளவர் யார் என்பதுதான் தெரியவரும்.

பாறசாலையின் வரலாறு இன்னும் நீண்டது. தமிழ் வாசகர் அதை மறக்கக் கூடாது. திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் தாய்த் தமிழகத்தோடு இணையக் கேட்ட ஒன்பது தாலுகாக்களில் பாறசாலை அடங்கிய நெய்யாற்றின்கரையும் ஒன்று. நேசமணியின் தலைமையில் அந்தக் கட்சி 1954 தேர்தலில் 12 இடங்களை வென்றது. அதே ஆண்டு ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூடு நடந்தது. 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகியவையும் செங்கோட்டையின் பெரும்பகுதியும் தமிழகத்துக்கு வந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. கோரிக்கை முடிந்ததென்று திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் தேசியக் காங்கிரசில் கரைந்தது. எல்லைக்கு மேற்கே தங்கிவிட்ட தமிழ்க் குடும்பங்களுக்குத் தங்கள் குரல் என்று சொல்ல ஒரு கட்சி இல்லாமல் போனது. 1957-இல் கேரளத்தின் முதல் சட்டமன்றத்துக்குப் பாறசாலை தேர்ந்தெடுத்தது குஞ்ஞுகிருஷ்ண நாடார் என்ற சுயேச்சையை. 1996-இலும் என். சுந்தரன் நாடார் சுயேச்சையாகவே அங்கே வென்றார்; 2001-இல் காங்கிரஸ் சின்னத்தில் வென்று துணை சபாநாயகரானார். கட்சியின் பட்டியலைவிட ஊருக்குத் தெரிந்த மனிதரை நம்புவது இந்தத் தொகுதியின் பழைய குணம்.

2021-இல் இந்தக் குணத்தைச் சரியாகப் படித்தது இடது முன்னணி. கேரளத்தில் இந்து நாடார்களுக்கும் எஸ்ஐயுசி சபையைச் சேர்ந்த கிறிஸ்தவ நாடார்களுக்கும் இதர பிற்படுத்தப்பட்டோர் இடஒதுக்கீடு ஏற்கனவே இருந்தது. பிற சபைகளைச் சேர்ந்த கிறிஸ்தவ நாடார்கள் ஒரே சாதியில் பிறந்தும் சபை மாறியதால் விடுபட்டிருந்தனர். ஒரு வீட்டில் அண்ணன் மகனுக்குக் கிடைக்கும் சான்றிதழ் தம்பி மகனுக்குக் கிடைக்காத நிலை பல ஆண்டுகளாக இங்கே புகைந்துகொண்டிருந்தது. தேர்தலுக்கு இரண்டு மாதம் இருக்கையில், 2021 பிப்ரவரியில், பினராயி விஜயன் அரசு அந்த விடுபட்டவர்களையும் சேர்த்து ஆணையிட்டது. மாநில அரசுக்கு அந்த அதிகாரம் உண்டா என்ற கேள்வியில் உயர்நீதிமன்றம் பின்னர் அந்த ஆணைக்கு இடைக்காலத் தடை விதித்தது. அது தேர்தல் முடிந்த பிறகு. வாக்குக்காகச் செய்த அறிவிப்பு என்று காங்கிரஸ் சொல்லலாம். ஆனால் இந்தக் குறை பாறசாலையின் ஒவ்வொரு பள்ளி அலுவலகத்திலும் கிராம அலுவலகத்திலும் கேட்டுக்கொண்டிருந்த குறை. 2011 முதல் 2016 வரை ஆட்சியிலிருந்த காங்கிரசுக்கு, பாறசாலையில் ஏ.டி. ஜார்ஜையும் பின்னர் நெய்யாற்றின்கரையில் செல்வராஜையும் உறுப்பினர்களாக வைத்திருந்த காங்கிரசுக்கு, அது காதில் விழவில்லை என்றால், கீழிருந்து மேலே செய்தி போகும் வழி அடைபட்டிருந்தது என்றுதான் பொருள். 2021-இல் பாறசாலையில் காங்கிரஸ் நிறுத்திய அன்சஜிதா ரஸ்ஸல் போட்டியிட்டது அந்த அடைப்புக்குப் பிறகான களத்தில்தான்.

அலைக்கு எதிராக எந்த அமைப்பும் நின்றிருக்காது என்பது இன்னொரு மறுப்பு. ஓய்வூதியம், கொரோனாக் கால உணவுப் பை, முதல்வரின் மாலைநேரச் செய்தியாளர் சந்திப்பு என்று வீட்டுக்குள் வந்த அரசை யார் தோற்கடித்திருக்க முடியும்? இதற்கு விடை இடதுசாரிகளின் அனுபவத்திலேயே இருக்கிறது. 2019 மக்களவைத் தேர்தலில் அவர்கள் 20-இல் 19 இடங்களை இழந்தார்கள். சபரிமலைத் தீர்ப்புக்குப் பின் எழுந்த கோபமும் ராகுல் காந்தி வயநாட்டில் நின்றதால் எழுந்த எதிர்பார்ப்பும் சேர்ந்து அடித்த அலை அது. மார்க்சிஸ்ட் கட்சி அப்போது தலைவரை மாற்றவில்லை. அந்த ஜூலையில் மாநிலச் செயலாளர் கொடியேரி பாலகிருஷ்ணன் முதற்கொண்டு தலைவர்கள் வீடுவீடாகப் போய், ஏன் எங்களுக்குப் போடவில்லை என்று கேட்டார்கள். பல வீடுகளில் கசப்பான பதில் கிடைத்தது, கேட்டுக்கொண்டார்கள். 2020 டிசம்பரில் உள்ளாட்சித் தேர்தலில் மீண்டார்கள். அந்தக் கட்சியின் மற்ற நடைமுறைகளை நான் ஏற்கிறேனா இல்லையா என்பது வேறு விஷயம். தோல்விக்குப் பிறகு முதலில் செய்ய வேண்டியது எது என்பதில் அவர்கள் சரியாக நடந்தார்கள். காங்கிரசோ தோற்றவுடன் டெல்லியிலிருந்து பார்வையாளர்களை வரவழைத்தது. அவர்கள் சந்தித்தது வென்ற 21 பேரை. தோற்ற தொகுதிகளில் என்ன நடந்தது என்பதை வென்றவர்கள் எப்படிச் சொல்வார்கள்?

புதிய தலைமை பலன் தந்ததே என்பார்கள். திருக்காக்கரையில் 2022-இல், புதுப்பள்ளியில் 2023-இல், பாலக்காட்டில் 2024-இல் காங்கிரஸ் இடைத்தேர்தல்களில் பெருவெற்றி கண்டது. 2025-இல் இடது ஆதரவுச் சுயேச்சையிடமிருந்து நிலம்பூரை மீட்டது. சதீசன் சட்டமன்றத்தில் உழைத்து வாதாடிய எதிர்க்கட்சித் தலைவர் என்பதை எதிரணியும் மறுக்காது. ஆனால் நிலம்பூர் நீங்கலாக மற்றவை ஏற்கனவே காங்கிரசிடம் இருந்தவை; சேலக்கரையை இடது முன்னணி காத்துக்கொண்டது. மக்களவைக் கணக்கு இன்னும் கூர்மையானது. பழைய தலைமையின்கீழ் 2019-இல் ஐக்கிய முன்னணி வென்றது 19. புதிய தலைமையின்கீழ் 2024-இல் 18. திருவனந்தபுரத்தில் தரூரின் வித்தியாசம் 99,989-லிருந்து 16,077 ஆனது. 2019 வெற்றி சென்னித்தலாவின் சாதனை என்று அன்று கட்சி சொல்லவில்லை. அப்படியானால் 2024 வெற்றியை மட்டும் தலைவர் மாற்றத்தின் கணக்கில் எழுதுவது எப்படி?

அமைப்பைத் திருத்தும் முயற்சியே நடக்கவில்லை என்று சொல்வது நியாயமல்ல. சுதாகரன் கட்சியை அரை கேடர் கட்சியாக்குவேன் என்றார். சில வீடுகளுக்கு ஒன்று என்ற கணக்கில் யூனிட் கமிட்டிகள் அமைக்கும் வேலையைத் தொடங்கினார். எண்ணம் சரி. ஆனால் 2021 ஆகஸ்டில் மாவட்டத் தலைவர்கள் பட்டியல் மறுபடி டெல்லியிலிருந்தே வந்தது. உம்மன் சாண்டியும் சென்னித்தலாவும் தங்களைக் கலந்துபேசவில்லை என்று வெளிப்படையாகவே குறைபட்டார்கள். முன்பு குழுத் தலைவர்கள் பங்கு போட்டார்கள், இப்போது வேறு சிலர் பங்கு போடுகிறார்கள் என்பதைத் தவிரத் தொண்டருக்கு என்ன மாறியது? அந்தப் பட்டியலில் திருவனந்தபுரம் மாவட்டத் தலைவராக வந்த பாலோடு ரவி, கட்சி அடித்தளத்தில் வலுவிழந்து கிடப்பதாகவும் இப்படியே போனால் இடது முன்னணி மீண்டும் வரும் என்றும் பேசிய தொலைபேசி உரையாடல் வெளியானதும் 2025 ஜூலையில் விலகினார். மாவட்டத் தலைவர் நான்கு ஆண்டுகளுக்குப் பின் தனிப்பேச்சில் சொன்ன அந்த மதிப்பீட்டைக் கட்சி பொதுவில் விவாதித்திருக்க வேண்டும். அவரது இடத்தில் என். சக்தனை நியமித்ததோடு அது முடிந்தது.

எல்லையின் இந்தப் பக்கம் பார்த்தால் அதே மே மாதத்தில் அதிமுகவும் இதே கேள்வியைச் சந்தித்தது. 66 இடங்களோடு எதிர்க்கட்சியான அதிமுகவில் மே 10 அன்று எடப்பாடி பழனிசாமி எதிர்க்கட்சித் தலைவரானார். கட்சித் தலைமை யாருக்கு என்பது மட்டும் தீரவில்லை. பொதுச்செயலாளரை அடிப்படை உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது எம்ஜிஆர் காலத்து விதி. 2022 ஜூலை 11 பொதுக்குழுவில் ஓ. பன்னீர்செல்வம் நீக்கப்பட்டார், பழனிசாமி இடைக்காலப் பொதுச்செயலாளரானார். பொதுச்செயலாளர் பதவிக்குப் போட்டியிட மாவட்டச் செயலாளர்கள் பத்துப் பேர் முன்மொழிய வேண்டும், பத்துப் பேர் வழிமொழிய வேண்டும் என்று விதி திருத்தப்பட்டது. 2023 மார்ச்சில் அவர் போட்டியின்றித் தேர்வானார். உறுப்பினரின் வாக்குரிமை விதிப்புத்தகத்தில் இருக்கிறது. வாக்களிக்கும் நாள் வரவில்லை. மேலிடம் நியமிக்கும் காங்கிரசும் மாவட்டச் செயலாளர்களால் முடிவாகும் அதிமுகவும் வெவ்வேறு வழியில் நடந்து ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்தன. ஊரில் இருக்கும் உறுப்பினர் கைதட்ட மட்டுமே அழைக்கப்படுகிறார்.

இவ்விஷயத்தில் பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நேரடித் தொடர்புள்ள ஒரு நிகழ்வும் உண்டு. 2019 தோல்விக்குப் பின் ராகுல் காந்தி விலகி, மூன்று ஆண்டுகள் இடைக்காலத் தலைமையில் கட்சி ஓடிய பிறகு, 2022 அக்டோபர் 17 அன்று அகில இந்தியத் தலைவர் பதவிக்குத் தேர்தல் நடந்தது. இரு வேட்பாளர்களில் ஒருவர் இந்த ஊர்களின் மக்களவை உறுப்பினரான சசி தரூர். எதிரே நின்றவர் முந்தைய ஆண்டு பார்வையாளராகத் திருவனந்தபுரம் வந்த கார்கே. கார்கே 7,897 வாக்குகளும் தரூர் 1,072 வாக்குகளும் பெற்றனர். முடிவு எதிர்பார்த்ததுதான். என்னை உறுத்துவது வேறு. பாறசாலையும் நெய்யாற்றின்கரையும் மூன்று முறை வெல்ல வைத்த ஒருவர் தலைமைக்கு நின்றபோது, அவருக்காக வெயிலில் நடந்த தொண்டர்களுக்கு வாக்கு இல்லை. வாக்கு மாநிலக் கமிட்டிப் பிரதிநிதிகளுக்கே. அந்தப் பிரதிநிதிகளையும் அந்தத் தொண்டர்கள் தேர்ந்தெடுத்து அனுப்பியிருக்கவில்லை. வாக்காளர் பட்டியலை வெளிப்படையாக வைக்க வேண்டும் என்று தரூர் தரப்பு கேட்க வேண்டியிருந்தது. மாநிலத் தலைவர் சுதாகரன் கார்கேயை ஆதரிப்பதாக முன்கூட்டியே அறிவித்துவிட்டார். அவர்கள் தரூருக்கே போட்டிருப்பார்கள் என்று நான் சொல்லவில்லை. கேட்டிருக்க வேண்டும் என்கிறேன்.

உறுப்பினர் வாக்கு என்றால் பலருக்குப் பயம். அந்தப் பயத்துக்கு ஆதாரம் இருக்கிறது. பிரிட்டனின் தொழிற்கட்சி 2015 தோல்விக்குப் பின் உறுப்பினர்களின் வாக்கால் ஜெரமி கார்பினைத் தேர்ந்தெடுத்தது. மறு ஆண்டே அக்கட்சியின் நாடாளுமன்ற உறுப்பினர்கள் 172-க்கு 40 என்ற கணக்கில் அவர்மீது நம்பிக்கையில்லை என்றனர். உறுப்பினர்கள் மீண்டும் அவரையே தேர்ந்தார்கள். 2019-இல் கட்சி 1935-க்குப் பிறகான மிக மோசமான தோல்வியைக் கண்டது. கேரளத்திலேயே 2023 இளைஞர் காங்கிரஸ் தேர்தலில் போலி வாக்காளர் அடையாள அட்டைகள் பயன்பட்டதாகப் புகார் எழுந்து காவல்துறை வழக்குப் பதிந்தது. பணமும் சாதியும் சபையும் உள்கட்சித் தேர்தலில் விளையாடும் என்பதும் உண்மை. ஆனால் இவை நியமன முறையில் இல்லையா? அங்கே அவை மூடிய அறைக்குள் விளையாடுகின்றன, அவ்வளவுதான். போலி அட்டை பிடிபட்டது தேர்தல் நடந்ததால். தேர்தல் கட்சியை உடைத்துவிடும் என்பதற்கும் கேரளமே பதில் வைத்திருக்கிறது. 1990-களின் தொடக்கத்தில் மாநிலத் தலைவர் பதவிக்கு நேரடிப் போட்டி நடந்து வயலார் ரவி, ஏ.கே. அந்தோணியைத் தோற்கடித்தார். குழுச் சண்டை அன்றும் கடுமையாகத்தான் இருந்தது. கட்சி உடைந்துபோகவில்லை; தோற்ற அந்தோணி 1995-இல் முதல்வரானார். தோற்றவர் வெளியேற வேண்டியதில்லை என்ற நிலை வெளிப்படையான போட்டியில்தான் உருவாகிறது. 2021 நியமனங்களுக்குப் பிறகு, மாநிலக் காங்கிரசின் பொதுச்செயலாளராக இருந்த கே.பி. அனில்குமார் மார்க்சிஸ்ட் கட்சிக்கே போனதை இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

தொழிற்கட்சியின் அனுபவத்திலிருந்து ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். உச்சியில் மட்டும் உறுப்பினர் வாக்கைக் கொண்டுவந்து, இடையிலுள்ள படிகளை விட்டுவிட்டால், தலைவருக்கும் மக்கள் பிரதிநிதிகளுக்கும் இடையே பள்ளம் விழும். ஆகவே தொடங்க வேண்டிய இடம் மண்டலம் கமிட்டி. காரோட்டிலும் குன்னத்துக்காலிலும் உறுப்பினர் பட்டியலை வார்டு வாரியாக ஒட்டி, ஆட்சேபங்களைக் கேட்டு, மண்டலம் தலைவரை வாக்கால் தேர்ந்தெடுப்பதற்குக் கோடிகள் தேவையில்லை. அப்படித் தேர்வானவர்கள் பிளாக், மாவட்டத் தலைவர்களைத் தேர்ந்தெடுக்கட்டும். மாநிலத் தலைவரை எல்லா உறுப்பினர்களும் தேர்ந்தெடுக்கட்டும். சட்டமன்றக் கட்சித் தலைவரைச் சட்டமன்ற உறுப்பினர்களே ரகசிய வாக்கில் தேர்ந்து, எண்ணிக்கையை அன்றே வெளியிடட்டும். தமிழ் பேசும் ஊர்களில் உறுப்பினர் படிவமும் அறிவிப்பும் தமிழிலும் இருக்கட்டும். 1969-ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் தமிழருக்குத் தரும் மொழியுரிமையைக் கட்சிகளும் மதிக்கலாம். மேலிடத்துக்கு ஒரு வேலை மட்டும் போதும்: தேர்தல் நேர்மையாக நடக்கிறதா என்று பார்ப்பது.

அசோக் சவாண் 2024 பிப்ரவரியில் பாஜகவில் சேர்ந்துவிட்டார். அவர் தலைமையில் எழுதப்பட்ட அறிக்கை காங்கிரசிடம்தான் இருக்கிறது. அதை வெளியிட வேண்டும். கேரளம் பற்றிய பகுதியையாவது மலையாளத்திலும் தமிழிலும் அச்சிட்டுப் பாறசாலை, நெய்யாற்றின்கரை மண்டலம் கமிட்டிகளின் கூட்டங்களில் வாசித்து, அங்குள்ளவர்கள் ஒப்புக்கொள்வதையும் மறுப்பதையும் பதிவுசெய்ய வேண்டும். தோற்றது அவர்களுடைய பூத்துகளில்.